கீழே ஏரி இருக்கும்

என் கையெழுத்தைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் டிரிப் ஷீட்டில் கிலோமீட்டர் எண் மட்டும்தான். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. ஒருவனைக் கூப்பிட்டால் இன்னொருவன் வந்து நிற்பான். எங்கள் கோயில் பெருநாள் மலருக்கு "ஆஸ்திரேலியா போய் வந்ததை எழுதிக் கொடு அந்தோணி" என்று கேட்டவர்கள், பிழைகளைத் திருத்திக்கொள்வதாகச் சொன்னார்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு வராது. காகிதம் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

லிங்கராஜபுரத்தில் என் வீடு. பன்னிரண்டு பேர் உட்காரும் வேன் ஒன்றை ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளை மலையேற்றத்துக்கு அழைத்துப் போவேன். ஆனேக்கல் பக்கம், ராமநகரம் பக்கம் சின்னச் சின்ன மலைகள். விடியும்போது ஒரு பக்கம் இறக்கிவிட்டு, வண்டியைச் சுற்றி ஓட்டிப்போய் மறுபக்கம் ஏரிக்கரை டீக்கடையில் நிற்பேன். மத்தியானம் அவர்கள் இறங்கி வருவார்கள். காலையில் இறக்கிவிடும்போது எல்லாரிடமும் ஒன்று சொல்வேன். கூச்சக்காரனான நான் சத்தமாகச் சொல்லும் ஒரே பேச்சு அது.

"வழி தப்பினா பயப்படாதீங்க. தண்ணி ஓடுற தடம் பாத்து இறங்கிக்கினே இருங்க. கீழ ஏரி இருக்கும். ஏரி இருந்தா டீக்கடை இருக்கும். டீக்கடை இருந்தா நான் இருப்பேன்."

பிள்ளைகள் சிரிப்பார்கள். இரண்டு மூன்று தடவை நிஜமாகவே வழி தப்பியவர்கள் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள்.

அந்த வேனில் ஒரு ஞாயிறு விடாமல் வந்தவர்கள் ஜெரால்டும் மஞ்சுவும். ஜெரால்டு எங்கள் பின்தெரு ஸ்டெல்லா அக்காவின் ஒரே மகன். மஞ்சுநாத் அவனோடு கல்லூரியில் படித்தவன், ஆனேக்கல்காரன். இருவரும் மேல்படிப்புக்கு ஆஸ்திரேலியா போனார்கள். போன கிறிஸ்துமஸ் லீவில், அங்கே ஒரு பாலைவனப் பூங்காவுக்கு வாடகைக் காரில் போனவர்கள் திரும்பவில்லை. கார் கிடைத்தது. அவர்கள் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு என் வேனிலும் டீக்கடையிலும் வேறு பேச்சே இல்லை. "அங்கிள், அவங்க வேணும்னே காணாம போயிருப்பாங்க, நான் பாட்காஸ்ட்ல கேட்டிருக்கேன்" என்றது ஒரு பெண். "தங்கம் கெடக்குற எடமாம், எவனோ கூட்டிக்கினு போய்ட்டான்" என்றான் ஒருவன். டீக்கடை முனியப்பாவுக்கு வேறு சந்தேகம்.

"பாலைவனத்துல இன்னா பார்க்கு, குரு? கல்லைப் பாக்கறதுக்கா அவ்ளோ தூரம் போனானுங்க? நம்ம ஊர்ல இல்லாத கல்லா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். எனக்குத் தெரிந்த பார்க்கில் மரம் இருக்கும், கடலைக்காரன் இருப்பான்.

ஸ்டெல்லா அக்கா மட்டும் எந்த ஊகத்தையும் தள்ளவில்லை. எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டார். தங்கம் என்றால் உயிரோடு இருக்கிறான். பெயர் மாற்றிக்கொண்டான் என்றாலும் உயிரோடு இருக்கிறான். மகனுக்காக நினைவுப் பூசை வைக்கலாமா என்று கேட்டவர்களோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஜெரால்டின் பைக் அவர் வீட்டு வாசலில் நின்றது. பேட்டரி செத்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு ஞாயிறும் மாலையில் என்னைக் கூப்பிடுவார். நான் போய் ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிட்டு வருவேன்.

என் மகள் ஷீலா ஆஸ்திரேலியாவின் தென்பக்கம் ஒரு நகரத்தில் நர்ஸ். அவள் பிரசவத்துக்காக என் மனைவி முன்னாலேயே போயிருந்தாள். பேரனின் ஞானஸ்நானத்துக்குப் போய் மனைவியை அழைத்து வருவது என் வேலை. ஸ்டெல்லா அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அந்தோணி, அந்த எடம் உன் பொண்ணு ஊர்ல இருந்து போற தூரம்தானாமே. ஒரு வாட்டி பாத்துட்டு வா. இன்னா பாத்தியோ அத எங்கிட்ட பொய் சொல்லாம சொல்லு. மனுசன் உசுரோட இருக்கிற எடமா இல்லையா, அது தெரிஞ்சா போதும்."

சரிக்கா என்றேன். எனக்கு அதற்கு மேல் பேச வராது.

விமானத்தில் பயந்ததெல்லாம் எழுதப்போவதில்லை. ஓட்டுபவர் முகத்தையே பார்க்காமல் ஒரு வண்டியில் அத்தனை நேரம் உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

முதல் நாள் முழுக்க ஒரு ஹாரன் சத்தம்கூடக் கேட்கவில்லை. எனக்குக் காது அடைத்துவிட்டது என்றே நினைத்தேன். மருமகன் வில்சன் ஓசூர்க்காரன், அமைதியான பிள்ளை. ரோட்டில் ஒரு கிழவர் கால் வைப்பதற்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, அவர் கடந்து முடிக்கும் வரை காத்திருந்தான். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் அப்படி நின்றால் பின்னால் வருகிறவன் நம் வண்டிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுவான்.

இரண்டாம் நாள் ஞானஸ்நானம். விருந்தை ஒரு பூங்காவில் வைத்தார்கள். புல்வெளி நடுவே இரும்புத் தகடு போட்ட அடுப்பு. பொத்தானை அழுத்தினால் சூடாகிறது, யார் வேண்டுமானாலும் சமைக்கலாம். என் மனைவி வீட்டிலிருந்து கொண்டுவந்த பிரியாணிக்கு, பக்கத்து அடுப்பில் கறி சுட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் குடும்பம் தட்டை நீட்டியது. அங்கே பூங்கா என்றால் இப்படித்தான் போல என்று எண்ணிக்கொண்டேன். இப்படிப்பட்ட இடத்தில் எப்படிக் காணாமல் போனார்கள் என்று கேட்டேன். வில்சன் சிரிக்கவில்லை. "அது வேற மாமா. நாளைக்குக் காட்றேன்" என்றான்.

மூன்றாம் நாள் வடக்கே கிளம்பினோம். கொஞ்ச நேரத்தில் வீடுகள் நின்றுபோயின. பிறகு மரங்கள். பிறகு வளைவுகள்கூட நின்றுபோயின. நேராகவே போகும் ரோடு ஓட்டுபவனுக்கு எவ்வளவு கெட்டது என்று அன்றுதான் தெரிந்தது. தூக்கம் வராமலிருக்க வில்சனிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். பேச வராத நான் வழியில் தெரிந்த போர்டுகளை எழுத்துக்கூட்டிக்கொண்டே போனேன்.

மத்தியானம் பெட்ரோல் பங்கோடு சேர்ந்த சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். கறியை மாவுக்குள் அடைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டம் வாங்கினான். கடித்த உடனே உள்ளேயிருந்த குழம்பு நாக்கைப் பொசுக்கிவிட்டது. சிவாஜிநகர் கீமா சமோசாவின் பணக்காரச் சித்தப்பா என்று சொல்லலாம். ஆனால் காரம் இல்லாத சித்தப்பா.

அந்தக் கடைச் சுவரில் ஜெரால்டும் மஞ்சுவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காணவில்லை என்ற காகிதம். வெயிலில் ஓரம் சுருண்டிருந்தது. ஜெரால்டு போட்டிருந்த நீலத் தொப்பி, ஆனேக்கல் சந்தையில் நான் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு, பக்கத்து மேசை லாரி டிரைவர் கடைக்கார அம்மாவிடம் ஏதோ சொன்னார். வில்சன் மெதுவாக மொழிபெயர்த்தான்.

"வேற ஒரு வண்டில ஏறிப் போயிருப்பாங்கன்றாரு மாமா. ரோட்டுக்கு வந்துட்டா எவனாவது ஏத்திப்பான்னு."

"அந்தம்மா?"

"அவங்க இல்லன்றாங்க. போன்ல சிக்னல் தேடி மலை மேல ஏறி, பாறை இடுக்குல விழுந்திருப்பாங்களாம். வர்றவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க, பை விக்கிறதவிட அந்தக் கதை கேக்குறதுதான் என் வேலையாப் போச்சுன்றாங்க."

முனியப்பாவின் டீக்கடையை அப்படியே தூக்கி இங்கே வைத்த மாதிரி இருந்தது.

நான்காம் நாள் பூங்காவுக்குள் போனோம். உள்ளே என்கிறேன், ஆனால் கேட் இல்லை. சுவர் இல்லை. ஒரு போர்டு, அதோடு சரி. அதற்குப் பிறகு சிவப்பு மண், முள் புதர், வெயிலில் வெடித்த மலை. ஈக்கள் மட்டும் நம் ஊர் ஈக்கள்; கண்ணிலும் மூக்கிலும் உரிமையோடு உட்கார்ந்தன. வில்சன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் பூங்காவின் காவல் அதிகாரி ஒரு அம்மா எங்களுக்காகக் காத்திருந்தார். என் வயது இருக்கும். அகலத் தொப்பி, தடித்த பூட்ஸ், குறைவான பேச்சு. நான் ஜெரால்டின் ஊர்க்காரன், அவன் அம்மா அனுப்பி வந்திருக்கிறேன் என்று வில்சன் சொன்னதும், தொப்பியைக் கழற்றிக் கை கொடுத்தார்.

கார் சிக்கியிருந்த இடத்தைக் காட்டினார். மண் ரோடு முடியும் இடம். சக்கரம் புதைந்த பள்ளம் பாதி மூடியிருந்தது. உதவி தேடி நடக்கிறோம் என்று ஒரு சீட்டு எழுதிக் காருக்குள் வைத்திருந்தார்களாம். எந்தப் பக்கம் நடக்கிறோம் என்று எழுதவில்லை.

"இந்த ஊர்ல வண்டிய விட்டு நகரவே கூடாதாம் மாமா" என்றான் வில்சன். "நகர்ந்தா வந்த ரோட்டுலயே திரும்பி நடப்பாங்களாம். இல்ல, சிக்னலுக்கு மேட்டுல ஏறுவாங்களாம். ரெண்டு பக்கமும் ஆளு வச்சு, ஹெலிகாப்டர் வச்சுத் தேடிட்டாங்க."

நான் தலையாட்டினேன். ஸ்டெல்லா அக்காவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு, இதை எதற்குக் கொடுப்பது என்று கீழே போட்டுவிட்டேன்.

திரும்பும் வழியில், கார் சிக்கிய இடத்துக்குக் கொஞ்சத் தூரத்திலேயே, கூர்க்கல் குத்தி டயர் பஞ்சர். வில்சன் இதுவரை ஒரு டயர்கூடக் கழற்றியதில்லை. போனில் வழிமுறை தேடினான், சிக்னல் இல்லை. "நகரு ராஜா" என்றேன். ஆஸ்திரேலியா வந்து முதல் தடவையாக என் கைக்கு ஒரு வேலை. ஜாக்கியை வைத்து ஏற்றி, நட்டுகளைக் கழற்றி ஒரு தட்டையான கல் மேல் வைத்தேன். கல் தட்டை இல்லை. ஒரு நட்டு உருண்டது. ரோட்டு ஓரம் தாண்டி, சரிவில் கிணிகிணியென்று இறங்கி, கீழே கூழாங்கல் கிடந்த பள்ளத்துக்குள் போனது.

நான் அதன் பின்னாலேயே இறங்கினேன்.

அது ஓர் ஓடை. தண்ணீர் இல்லை, ஆனால் தண்ணீர் ஓடிய தடம். இரண்டு கரையிலும் வெள்ளைப் பட்டை மரங்கள் வரிசையாக, நிழலாக. நட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். ஓடை வளைந்து வளைந்து கீழே இறங்கிப் போனது. போகிற போக்கில், வெகு தூரத்தில், மலை முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில், அகலமாக வெள்ளையாக ஒன்று பளபளத்தது.

ஏரி என்றுதான் என் கண் சொன்னது. பெங்களூர்க்காரனுக்கு ஏரி நீலமாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் ஏரிகள் சில சோப்பு நுரை பொங்கி வெள்ளையாகவே கிடக்கின்றன.

"வில்சா, அது இன்னா?"

"உப்பு மாமா. மேப்புல ஏரின்னுதான் போட்டிருக்கும். தண்ணி கெடையாது. சுத்தி ஒரு வீடும் கெடையாது."

நட்டு என் உள்ளங்கையில் சுட்டது. வழி தப்பினால் தண்ணீர் தடம் பார்த்து இறங்குங்கள். கீழே ஏரி இருக்கும். ஏரி இருந்தால் டீக்கடை இருக்கும். யாருடைய குரல் அது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

டயரை மாட்டினேன். அன்று மாலை தங்கின இடத்தில் ஆட்டுக்கறி கொண்டுவந்து வைத்தார்கள். நன்றாக இருந்தது என்று வில்சன் சொன்னான். எனக்கு ஞாபகம் இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் "திரும்ப அந்தம்மாகிட்ட போகணும்" என்றேன். ஏன் என்று கேட்டான். சொன்னேன். ஓடை வழியாக இறங்கியிருப்பார்கள் என்று மட்டும். அவன் வண்டியைத் திருப்பினான்.

அந்த அம்மாவின் ஜீப் பானெட் முழுக்கத் தூசி. நான் அதில் விரலால் வரைந்தேன். மலை. கார். ஓடை. கீழே ஏரி. அவர் தலையசைத்து மறுத்தார். "அங்கே எதற்குப் போவார்கள்? அங்கே ஒன்றுமே இல்லையே" என்கிறார் என்றான் வில்சன்.

"எங்க ஊர்ல அப்படித்தான் போவாங்கன்னு சொல்லு. எங்க ஊர்ல மலை மேல ஒண்ணும் இருக்காது. கீழதான் தண்ணி, கீழதான் ஜனம். மேல ஏறுறவன் சாமி கும்பிடப் போறவன். பொழைக்கணும்னா இறங்கணும். அதான் சொல்லு."

வில்சன் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. நோட்டை எடுத்து, தூசியில் நான் வரைந்ததை அப்படியே பார்த்து வரைந்துகொண்டார். அந்தப் பக்கம் கொஞ்சத் தூரம்தான் பார்த்திருக்கிறோம், வெயில் காலம் முடிந்த பிறகு ஆட்களோடு அடி வரைக்கும் நடக்கிறோம் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"இத அவங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தான்னு கேக்குறாங்க மாமா."

வில்சன் சாதாரணமாகத்தான் கேட்டான். அவர் நோட்டில் பேனாவை வைத்தபடி காத்திருந்தார்.

"எல்லாரும் சொல்றதுதான்னு சொல்லு" என்றேன்.

என் பயணத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பெங்களூர் வந்த மறுநாளே ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தேன். பார்த்ததை எல்லாம் சொன்னேன்: சிவப்பு மண், ஈ, சீட்டு, தொப்பியைக் கழற்றிய அதிகாரி. ஓடைப் பக்கம் தேடப் போகிறார்கள் என்றும் சொன்னேன். "உசுரோட இருக்கிற எடமா?" என்றார். "பெரிய எடம்கா" என்றேன். அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும். அந்த ஞாயிறும் அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலும் பைக்கை ஸ்டார்ட் செய்தேன். என்ஜின் ஓடும் நேரமெல்லாம் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மலைப் பயணத்திலும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். "அண்ணா, டீக்கடை டயலாக் எங்க?" என்று பழைய பிள்ளைகள் கிண்டல் செய்தார்கள்.

ஜூலையில் வில்சன் போன் செய்தான். கிடைத்துவிட்டார்கள். ஓடை சமவெளியைத் தொடும் இடத்தில், கடைசி மரத்தின் அடியில், இருவரும் ஒன்றாக. யாரும் நினைக்காத அளவுக்கு நடந்திருந்தார்கள். அந்த அம்மா ஒன்றை என்னிடம் சொல்லச் சொன்னாராம்: காணாமல் போகிறவர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள், இவர்கள் வழி தெரிந்தவர்கள் மாதிரி ஒரே தடத்தில் நடந்திருக்கிறார்கள்.

ஜெரால்டின் பெட்டி வந்தது. அடக்கப் பூசையில் இடமில்லாமல் ஜனம் வெளியே நின்றது. ஹெலிகாப்டர் கண்டுபிடிக்காததை எங்கள் டிரைவர் கண்டுபிடித்தார் என்று மைக்கிலேயே சொன்னார்கள். சிலர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மஞ்சுவின் அப்பா ஆனேக்கலிலிருந்து வந்து, கன்னடத்தில் ஏதோ சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஒவ்வொரு கையும் எனக்கு அந்த நட்டு மாதிரி சுட்டது.

அடுத்த ஞாயிறு மாலை ஸ்டெல்லா அக்கா கூப்பிடவில்லை. நானாகப் போனேன். பைக்கின் மேல் துணி போர்த்தியிருந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"எல்லாரும் நான் கண்டுபிடிச்சேன்றாங்க. கண்டுபிடிக்கல. அவங்கள அங்க அனுப்புனதே நான்தான். வழி தப்பினா இறங்கு, கீழ ஏரி இருக்கும், நான் இருப்பேன்னு வாரா வாரம் சொன்னது நான்தான். அந்தப் பேச்சு இல்லன்னா வண்டியாண்டயே உக்காந்திருப்பாங்க."

இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. அவர் பைக்கின் மேலிருந்த துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ பயந்துகினு போயிருக்க மாட்டான்" என்றார். "கீழ அந்தோணி அண்ணன் வண்டியோட நின்னுனு இருப்பாருன்னு நெனச்சிக்கினேதான் நடந்திருப்பான். இல்ல?"

அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"மலருக்கு எழுதச் சொன்னாங்களாமே. இதையும் எழுது. மத்த பசங்க படிக்கட்டும்."

எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. பெருநாள் வந்துவிட்டது, மலர் நேற்று நான் இல்லாமலேயே வெளியாகிவிட்டது. அதனால் இது அடுத்த மலருக்கு.

போன ஞாயிறு ஆனேக்கல் பக்கம் பன்னிரண்டு பிள்ளைகளை இறக்கிவிட்டேன். எல்லாரும் இறங்கின பிறகு நானும் இறங்கி முன்னால் நின்றேன். "வழி தப்பினா நின்ன எடத்துலயே நில்லுங்க" என்றேன். "எங்கயும் போகாதீங்க. நான் மேல வர்றேன்."

"அண்ணா, இந்தத் தொப்பைய வச்சிக்கினு நீங்க மேல வர்றீங்களா?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

"வருவேன்" என்றேன்.

லிங்கராஜபுரம்
2025 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை